சந்தாலி மொழி: எழுத்தும் உரிமையும்

சந்தாலி என்பது ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் ஆகிய இந்திய மாநிலங்களிலும் வங்கதேசம், நேபாளம் ஆகிய அண்டை நாடுகளிலும் பேசப்படும் பழங்குடி மொழி. ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் முண்டா கிளையைச் சேர்ந்தது. முண்டாரி, ஹோ இரண்டும் இதற்கு மிக நெருங்கிய உறவு. மேகாலயத்தின் காசி, கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி ஆகியவை தூரத்து உறவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைத் தாய்மொழியாகக் கொண்டோர் 73.68 இலட்சம் பேர். சந்தால் மக்கள் தங்களை ‘ஹொர்’ என்றும் தங்கள் மொழியை ‘ஹொர் ரொர்’ என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

தமிழில் உள்ள ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு சந்தாலியிலும் உண்டு. ஒருமை, பன்மையோடு இருமையும் இருப்பதால், இருவர் மட்டும் சேர்ந்த ‘நாம்’ என்பதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. ஆனால் இம்மொழியின் எழுத்து வரலாற்றைத் தீர்மானித்தது அதன் ஒலிதான். சொல்லின் கடைசியில் வரும் சில மெய்களை உச்சரிக்கும்போது சந்தால் மக்கள் மூச்சை வெளியே விடாமல் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீரைக் குறிக்கும் ‘தாக்’ என்ற சொல்லின் இறுதி ‘க்’ அப்படிப்பட்டது. அதை நிறுத்தாமல் ஒலித்தால் சந்தாலி காதுக்கு அது வேற்று மொழி. வங்காள, ஒடியா, தேவநாகரி எழுத்துகள் எதிலும் இந்த ஒலிக்கு இடமில்லை.

இம்மொழியை முதலில் எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒடிசாவில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஜெரமையா பிலிப்ஸ் வங்காள எழுத்தைக் கையாண்டு 1852-இல் ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1855 ஜூன் 30 அன்று, போக்னாதி கிராமத்தில் சித்து, கானு சகோதரர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கான சந்தால் மக்கள் திரண்டனர். வட்டிக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் கம்பெனி ஆட்சிக்கும் எதிரான ‘ஹூல்’ எழுச்சி அங்கே தொடங்கியது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நிலத்தை இழந்தவர்கள் அவர்களில் ஏராளம். எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட பிறகு அதே ஆண்டில் சந்தால் பர்கனா தனி மாவட்டமாக்கப்பட்டது. பத்திரமும் வழக்கும் எந்த மொழியில் நடக்கின்றன என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்ததை இந்த வரலாறு சொல்கிறது. பழங்குடிகளின் மொழிக் கோரிக்கையை வெறும் பண்பாட்டு ஆர்வமாகப் பார்ப்பவர்கள் இங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

1867-இல் பெனகாரியாவில் மிஷன் தொடங்கிய நார்வேக்காரர் லார்ஸ் ஒல்சன் ஸ்க்ரெஃப்ஸ்ருட், ரோமன் எழுத்தில் குறியீடுகள் சேர்த்து சந்தாலியை எழுதினார். அவருடைய இலக்கண நூல் 1873-இல் வந்தது. கொலேயான் என்ற சந்தால் முதியவர் தம் குலத்தின் தோற்றக் கதைகளையும் சடங்குகளையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, 1887-இல் அதை நூலாக்கியவரும் அவரே. அவருக்குப் பின் வந்த பால் ஒலாஃப் போடிங், ஐந்து தொகுதிகள் கொண்ட சந்தாலி அகராதியை 1936-இல் நிறைவு செய்தார். செடிகொடி, மருந்து, வழக்கு, பழமொழி என்று ஒரு வாழ்க்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது. மதம் பரப்ப வந்தவர்களின் வேலை என்று அதை ஒதுக்குவது அநியாயம். அதே வேளை, ரோமன் எழுத்து கிறித்தவ சந்தால்களோடு பிணைந்துபோனது. வங்காளத்தில் வங்காள எழுத்து, ஒடிசாவில் ஒடியா எழுத்து, பீகாரில் தேவநாகரி என்று மற்றவர்கள் பிரிந்தார்கள். பேசினால் புரிந்துகொள்ளும் இரு சந்தால்கள் எழுதினால் ஒருவரையொருவர் படிக்க முடியாத நிலை வந்தது.

இந்த நிலைக்கு விடை தேடியவர் ரகுநாத் முர்மு. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில், ராய்ரங்பூர் பக்கத்துத் தாண்ட்போஸ் கிராமத்தில் 1905-இல் பிறந்தவர். ஒடியா வழியில் படித்து, பின்னர் பள்ளி ஆசிரியரானவர். 1925-இல் அவர் உருவாக்கிய எழுத்துமுறைதான் ஒல் சிக்கி. ஒரு வரிசைக்கு ஐந்து எழுத்து என ஆறு வரிசைகள், மொத்தம் 30 எழுத்துகள். ஒவ்வொரு வரிசையும் ஓர் உயிரில் தொடங்கி நான்கு மெய்களைக் கொண்டிருக்கும். உயிர்மெய்க் கூட்டெழுத்து கிடையாது. உயிரும் மெய்யும் தனித்தனியே அடுத்தடுத்து எழுதப்படும். நிறுத்தொலிகளுக்கு அவர் கண்ட வழி நுட்பமானது. ‘தாக்’ என்பதன் இறுதியில் வரும் எழுத்தே, அடுத்து ஓர் உயிர் வந்தால் மென்மையாக, ஆங்கில ஜி ஒலியாக ஒலிக்கும். பேச்சில் அந்த ஒலி எப்படி மாறுகிறதோ அதையே எழுத்தின் விதியாக்கினார்.

எழுத்துகளின் வடிவங்களை அவர் கிராமத்திலிருந்தே எடுத்தார். ‘இஸ்’ கலப்பையின் வடிவம், ‘இர்’ கதிர் அறுக்கும் அரிவாள், ‘உத்’ காளான், ‘எப்’ இரு கைகளாலும் எதையோ வாங்கும் மனிதன். தன் வீட்டு முற்றத்திலும் வயலிலும் கண்ட பொருளைப் பலகையில் பார்க்கும் குழந்தைக்கு எழுத்து அந்நியமாக இருக்காது. ‘பிது சந்தன்’ என்ற தம் நாடகத்தில், மனித உருவெடுத்து வந்த காதலர் இருவர் தங்கள் அன்பை இந்த எழுத்திலேயே எழுதித் தெரிவிப்பதாக அமைத்தார். அச்சும் அரசும் துணையில்லாத காலத்தில் ஓர் எழுத்தைப் பரப்ப நாடக மேடையைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மதிநுட்பத்துக்குச் சான்று. ஊர் ஊராகச் சென்று கற்பித்த அவரை மக்கள் ‘குரு கோம்கே’ என்று அழைத்தார்கள். 1979-இல் மேற்கு வங்காள அரசு ஒல் சிக்கியை ஏற்றது. 1982-இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த புத்த பூர்ணிமை நாள் இன்றும் சந்தால் ஊர்களில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

அரசு ஏற்கும் மொழிகளைப் பட்டியலிடும் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை 14 மொழிகளோடு தொடங்கியது. அவற்றில் ஒன்றுகூடப் பழங்குடி மொழி இல்லை. 1949 செப்டம்பரில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா அரசியல் நிர்ணய சபையில் முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்றையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். கோண்டியும், குடுக் என்றும் சொல்லப்படும் ஒராவோனும் திராவிட மொழிகள், தமிழின் உறவுகள். திருத்தம் ஏற்கப்படவில்லை. 1956-இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ‘இயன்றவரை’ தாய்மொழி என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லில் தப்பித்துக்கொள்ளும் அரசுகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறோம்.

சந்தாலிக்கு வாசல் திறந்தது மற்றொரு பழங்குடி மொழியின் போராட்டத்தோடு. 2003 பிப்ரவரியில் ஏற்பட்ட போடோ ஒப்பந்தம், போடோவை அட்டவணையில் சேர்ப்பதாக வாக்களித்தது. அதற்காகக் கொண்டுவந்த மசோதாவில் பின்னர் டோக்ரி, மைதிலி, சந்தாலி மூன்றும் சேர்க்கப்பட்டன. 2003 டிசம்பர் 22 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. 92-ஆம் திருத்தத்தின் மூலம் அட்டவணை மொழிகள் 22 ஆயின. டிசம்பர் 22-ஐ சந்தால் மக்கள் மொழி வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பிறகு பல கதவுகள் வேகமாகத் திறந்தன. சாகித்திய அகாதெமியின் முதல் சந்தாலி விருது 2005-இல் ஜாதுமணி பெஸ்ராவுக்குக் கிடைத்தது. 2008-இல் ஒல் சிக்கி யூனிகோடில் இடம்பெற்றது. கைப்பேசியில் தாய்மொழியில் எழுதும் தலைமுறை அதனால்தான் உருவானது. 2011-இல் ஜார்க்கண்ட் சந்தாலியை இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவித்தது. 2018-இல் சந்தாலி விக்கிப்பீடியா தொடங்கியது. 2019 டிசம்பரில் ஒடிசா உறுப்பினர் சரோஜினி ஹெம்ப்ரம் மாநிலங்களவையில் முதன்முறையாக சந்தாலியில் பேசினார்.

எழுத்துச் சிக்கல் மட்டும் முடிந்தபாடில்லை. மத்திய அரசுப் பணித் தேர்வாணையம் சந்தாலித் தாளை ஒல் சிக்கியிலும் எழுதலாம், தேவநாகரியிலும் எழுதலாம் என்கிறது. வங்கதேசத்தில் இதற்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். 2017-இல் அந்நாட்டு அரசு சக்மா, மர்மா, காரோ, திரிபுரா, சாத்ரி ஆகிய ஐந்து மொழிகளில் சிறுவர் பாடநூல்களை வழங்கியது. திட்டத்தில் இருந்த சந்தாலி, வங்காள எழுத்தா ரோமனா என்ற தகராறில் விடுபட்டது. எந்த எழுத்தானாலும் சரி, குழந்தை கையில் முதலில் ஒரு புத்தகம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஒடிசா 2007 முதல் சந்தாலி, சவோரா, குய், கோயா, ஜுவாங் உள்ளிட்ட 10 பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. குழந்தை தன் மொழியில் தொடங்கிப் படிப்படியாக ஒடியாவுக்கு நகர்வது இதன் முறை. நல்ல திட்டம்தான். என்றாலும் தாய்மொழியைப் பெரிய மொழிக்கு ஏறும் படியாக மட்டுமே அது வைக்கிறது. மேல்வகுப்புக்கும் சந்தாலி வழிக் கல்வி நீள வேண்டுமானால் ஒல் சிக்கி அறிந்த அறிவியல், கணித ஆசிரியர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கும் பயிற்சி நிறுவனங்களே முதல் தேவை.

அட்டவணைக்கு வெளியே நிற்பவற்றின் நிலை இன்னும் கடினம். 2011 கணக்கில் பீலி பேசுவோர் ஒரு கோடிக்கு மேல், கோண்டி பேசுவோர் சுமார் 30 இலட்சம், குடுக் பேசுவோர் சுமார் 20 இலட்சம். மூன்றுக்கும் அட்டவணையில் இடமில்லை. 24,821 பேர் தாய்மொழியாகப் பதிந்த சமற்கிருதத்துக்கு உண்டு. 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளின் பெயரைக்கூட 1971 முதல் கணக்கெடுப்பு தனியே வெளியிடுவதில்லை. அட்டவணையில் சேர்ப்பதற்கான அளவுகோலை வகுக்க 1996-இல் பாவா குழுவும் 2003-இல் சீதாகாந்த் மொகபாத்ரா குழுவும் அமைக்கப்பட்டன. உறுதியான அளவுகோல் எதுவும் வரவில்லை. வாரங் சித்தி என்ற தனி எழுத்தைக் கொண்ட ஹோவும், முண்டாரியும், தோலோங் சிக்கி எழுத்தை உருவாக்கிக்கொண்ட குடுக்கும் உட்பட 38 மொழிகளின் கோரிக்கைகள் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் முன் இருக்கின்றன.