சர்க்கரைத் தண்ணியும் ஒரு கிருமியின் வரலாறும்



காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இன்று அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். சிலர் தாத்தா, ஆயாவும் ஆகிவிட்டீர்கள். அதனால் டச்சுக் கோட்டை வரலாற்றை இன்னொரு நாள் பார்ப்போம். இன்று ஒரு கிருமியின் வரலாறு.

டைபாய்டு கிருமியை 1880-இல் கண்டு சொன்னவர் ஜெர்மானியரான கார்ல் எபெர்த். 1885-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் அதே குடும்பத்துக் கிருமி ஒன்றைப் பன்றிகளிடம் கண்டார். ஆனால் பெயர் கிடைத்தது அவருடைய மேலதிகாரியான கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனுக்கு. அப்படி வந்ததுதான் ‘சால்மோனெல்லா’. சால்மன் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

இதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பல வகைகளுக்கு ஊர்ப் பெயர்தான். நம் நாட்டு பரேலியின் பெயரிலும் ஒன்று இருக்கிறது. 2012-இல் இந்தியாவிலிருந்து போன சூரை மீன் வழியாக அமெரிக்காவில் 400 பேருக்கு மேல் நோயாளியானது இந்த ‘பரேலி’ வகையால்தான்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இது வயிற்றுப்போக்கோடு போய்விடும். பச்சிளங்குழந்தைக்கு அப்படியில்லை. அதன் வயிற்றில் அமிலம் குறைவு, எதிர்ப்புச் சக்தியும் முதிரவில்லை. கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போய்விடும்.

மருந்தின் கதையும் கேளுங்கள். 1948-இல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் கொடுத்து டைபாய்டு நோயாளிகளைக் குணமாக்கினார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் அதே மருந்தால் பிறந்த குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வலிமை சிசுவின் ஈரலுக்கு இல்லை. குழந்தை என்பது சின்ன உருவத்துப் பெரியவர் அல்ல என்பதை மருத்துவம் இப்படித்தான் கற்றது.

சுத்தமான தொழிற்சாலைப் பால்மாவு என்றால் பயமில்லையா? 1985-இல் இங்கிலாந்தில் கைக்குழந்தைகள் பலர் நோயுற்றார்கள். தேடிப் பார்த்தால், பால்மாவு உலர்த்தும் இயந்திரத்தின் உட்சுவரில் ஓர் ஓட்டை! 2017-இல் பிரான்சிலும் இதே கிருமியால் குழந்தைப் பால்மாவைத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணி தொட்டு வைப்பது, கழுதைப் பால் புகட்டுவது எல்லாம் அன்பால் வந்த பழக்கங்கள்தான். ஆனால் மீன் அரிந்த கை, குடத்துத் தண்ணீர், காய்ச்சாத பால் இவற்றில் எதில் கிருமி இருந்தாலும் முதல் வாயிலேயே உள்ளே போய்விடும். சீம்பாலோ கிருமியை எதிர்க்கும் பொருள்களைச் சுமந்து வருகிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணி கொடுப்பது, கோட்டைக் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போல.

ஆகவே ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பிறந்த குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் இந்த நோய் வரும்.

வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போடாமல் பக்குவமாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இந்தப் பதிவையே படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்