மலையின்மேல் ஒரு பட்டணம்



ஏனாத்தூரைச் சுற்றியுள்ள நம் நிலம் சமவெளி. ஏரிகளும் நெல்வயல்களும் தறிகளும் நிறைந்த இப்பகுதியில் சித்திரை வெயிலின் கடுமையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வெயிலுக்கும் கொடிய நோய்களுக்கும் தப்பி வந்தவர்களால் உருவான ஒரு சிறிய மலையூரின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அது கொடைக்கானல்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து நீளும் பழனிமலைகளின் மேல்தளத்தில், ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. அதன் தென்புறம் செங்குத்தாக இறங்கி வைகைச் சமவெளியை நோக்குகிறது. வடபுறத்து ஓடைகள் அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கின்றன. அங்குள்ள சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைகள் வற்றாதபடி காக்கின்றன.

1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலைகளை அளந்தார். 1834-இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் உடன் ஊழியர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தனர். ஆகவே 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அவ்வாண்டு ஜூன் மாதம் ஆறு குடும்பங்கள் அங்கே குடியேறின. களைத்துப்போன தம் சீஷரை வனாந்தரமான இடத்திற்கு அழைத்து இளைப்பாறச் செய்த ஆண்டவரை நாம் அறிவோம் அல்லவா? அந்த இளைப்பாறுதலின் தேவையே இவ்வூருக்கு அடித்தளம் இட்டது.

1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் துரை ஓடைக்கு அணையிட்டு ஏரியை உண்டாக்கினார். 1875-இல் இருப்புப்பாதை மலையடிவாரத்திற்கு அருகே வந்தது. 1899-இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1909-இல் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி 1901-இல் தொடங்கிற்று.

பிரியமானவர்களே, வரலாறு இத்துடன் முடிந்துவிடவில்லை. அவர்கள் வந்தபோது மலை வெறுமையாய் இருந்ததா? இல்லை. பளியரும் புலையரும் அக்காடுகளை அறிந்திருந்தனர். வில்பட்டி முதலிய ஊர்களில் குன்னுவர் உழுது பயிரிட்டனர். தாண்டிக்குடிப் பகுதியிலுள்ள கற்திட்டைகள், அவர்களுக்கும் மிக முற்பட்ட மாந்தர் தங்கள் இறந்தோரை அங்கே நினைவுகூர்ந்ததைச் சாட்சியிடுகின்றன.

மேலும், மலைச்சாலை அமையும்வரை பெரியகுளத்தருகே அடிவாரத்திலிருந்து செங்குத்தான பாதையில் பயணிகளை நாற்காலிகளில் சுமந்து ஏறியவர்கள் யார்? நம் தமிழ்க் கூலியாட்களே. பெட்டி, படுக்கை, பாத்திரம் யாவும் அவர்களுடைய தலைமேல் ஏறின. ஏரியை அமைத்தவரின் பெயர் நூல்களில் உண்டு. மண் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. ஒருவருடைய இளைப்பாறுதல் மற்றொருவருடைய தோளின்மேல் ஏறிச் சென்றது என்பது மறைக்கத்தகாத உண்மை.

இதனால் மிஷனெரிகளின் தியாகம் சிறுமைப்படுவதில்லை. அவர்களுடைய கண்ணீரும் மெய். சுமந்தவர்களின் வியர்வையும் மெய். இரண்டையும் ஒருங்கே நினைப்பதே நேர்மையான நன்றியறிதல். பட்டு உடுத்துவோரை உலகம் காண்கிறது. தறிக்குழியில் கால் மடக்கி நெய்தவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? இதை நம் ஊரார் நன்கு உணர்வார்கள்.

இந்த வாரம் நீங்கள் இளைப்பாறும் வேளையில், அந்த ஓய்வை உங்களுக்குச் சாத்தியமாக்கிய ஒருவரைப் பெயர்சொல்லி நினையுங்கள். இயலுமானால் அவருடைய சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். மறக்கப்பட்ட பெயர்களையும் அறிந்திருக்கிற கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.