மாத்தளைத் தோட்டப் பாடசாலையும் ஆசிரியர் உள்ளமும்

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் கட்டடங்களையும் மாணவர் தொகையையும் கொண்டே அதனை அளந்துவிடுகின்றனர். வகுப்பறையில் நின்ற ஆசிரியரின் உள்ளம் எவ்வாறு இயங்கியது என்பது ஏடுகளில் ஏறுவதில்லை. ஆயினும் ஆரம்பக் கல்வியைப் பொறுத்தவரை அதுவே தலையாய காரணம் என்பதற்கு மாத்தளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு தக்க சான்றாகும்.

தன் மனவெழுச்சிகளை அறிந்து ஆளுதலும், பிறர் மனவெழுச்சிகளை உணர்ந்து அதற்கேற்ப ஒழுகுதலும் ஆகிய ஆற்றலை இக்கால உளவியலார் ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்பர். சலோவே, மேயர் என்னும் அறிஞர் இருவர் 1990ஆம் ஆண்டில் இக்கருத்தை வரையறுத்தனர். 1995இல் வெளிவந்த டானியல் கோல்மனின் நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. பெயர் புதிது, பொருள் பழையது. குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் திருக்குறளில் அமைந்திருத்தலைத் தமிழர் நன்கறிவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையூடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்களே லயங்களிற் பிறந்த பிள்ளைகள்.

1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தின. எனினும் சட்டம் தந்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், இடாப்பு ஒன்று ஆகியனவே. எல்லா வகுப்புகளும் அவ்வோரறையிலேயே நடைபெற்றன. வைகறையிற் பெற்றோர் பிரட்டுக்குச் சென்றபின், தம்பியை இடுப்பிற் சுமந்து வந்து நிற்கும் சிறுமியை ஆசிரியர் என் செய்வது? திருப்பி அனுப்பினால் அவள் கல்வி முடிந்தது. அமர்த்தினால் வகுப்பின் ஒழுங்கு குலையும். இதற்கு விடை எச்சட்டத்திலும் இல்லை. அவள் முகத்தைப் படிக்கவல்ல ஆசிரியரிடமே அது இருந்தது.

எல்லா ஆசிரியரும் அத்தகையோர் எனக் கூறுதல் வரலாறாகாது. பிரம்பே பேசிய வகுப்பறைகளும் உண்டு. ஆயின் ஓங்கிய கையின் பின்னே தனிமையும், குறைந்த சம்பளமும், துரையின் சொல்லுக்கு அஞ்சிய மனமும் இருந்தன. தன் சினம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறியாதவர், அதனை எளியவரான குழந்தையின்மேல் இறக்கிவிடுதல் இயல்பன்றோ?

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. முன்னோர் நடந்துவந்த மன்னார்த் திசை நோக்கியே பேரர் கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்றனர். இடாப்பிலிருந்து ஒரு பெயரைக் கோடிட்டு நீக்குதல் அலுவலகத்துக்குச் சிறு செயல். வகுப்பில் வெறுமையான இடத்தை நோக்கி அமர்ந்திருக்கும் தோழனுக்கோ அது முதற்பிரிவு. அன்றைக்கு வாய்பாட்டைத் தொடங்குவதா, சற்றுப் பேசவிடுவதா என்று தீர்மானித்தவரும் ஆசிரியரே.

1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அவை படிப்படியாக அரசிடம் வந்தன. கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவை பின்னர் மலையகத்துக்குப் பயிற்சிபெற்ற ஆசிரியரை அளித்தன. கட்டடமும் தகைமையும் பெருகின. ஆயின் பிள்ளையின் துயரம் உருமாறியதேயன்றி ஒழிந்துவிடவில்லை. மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்ற தாயை நினைந்து மௌனமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையை இன்றும் தோட்ட வகுப்பறைகளிற் காணலாம். அம்மௌனத்தைச் சோம்பல் எனக் கருதுவோர் தண்டிப்பர். துயரம் என உணர்வோர் அருகே அழைப்பர்.

ஆதலின் இவ்வாற்றலை ஆசிரியரின் பிறவிக்குணம் என விட்டுவிடாது, பயிற்சியின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். அதனோடு, ஆசிரியரின் உள்ளச் சுமையை வினவுவோரும் வேண்டும். பிள்ளையின் குறிப்பறியுமாறு ஆசிரியரை வேண்டும் சமுதாயம், முதற்கண் அவர்தம் குறிப்பை அறிதல் கடனாகும்.