கணுக்கால் சுளுக்கும் வயதும்: ஒரு தவறான பெயரின் கதை

கணுக்கால் பிசகினா நாம எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை: சுளுக்கு. பதின்மூணு வயசுப் பையனுக்கும் அதே, அறுபது வயசு அம்மாவுக்கும் அதே. ஆனால் உள்ளே எது உடைகிறது என்பது வயதைப் பொறுத்தது. மருத்துவர்களுக்கே இது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் அறுவை மருத்துவர் பிரான்ஸ் கோனிக், மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் சிறு துண்டுகளைப் பற்றி எழுதினார். குருத்தெலும்பும் அதன் அடியில் கொஞ்சம் எலும்பும் ஒட்டிய துண்டுகள். பெரிய அடி எதுவும் படாதவர்களிடமும் இவை இருந்தன. அப்போ அழற்சிதான் துண்டைப் பிரிக்கிறது என்று ஊகித்து, 'ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிஸ்செகன்ஸ்' என்று பெயர் வைத்தார். அவர் பேசியது முழங்காலையும் இடுப்பையும். 1922இல் காப்பிஸ் இதையே கணுக்காலில் காட்டினார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் தேடியவர்களுக்கு அழற்சி அகப்படவில்லை. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பழைய கோடில் யாரோ தப்பாக வைத்த வேரியபிள் பெயரை எவரும் மாற்றத் துணியாத மாதிரி!

1959இல் பெர்ன்ட், ஹார்ட்டி இருவரும் வேறு வழியில் போனார்கள். துண்டித்து அகற்றப்பட்ட கால்களை எடுத்து, கணுக்காலைப் பல கோணங்களில் முறுக்கிப் பார்த்தார்கள். பாதம் உள்பக்கம் மடங்கும்போது டேலஸ் எலும்பின் மேல்முனை பக்கத்து எலும்பில் மோதி நசுங்குகிறது. இன்னும் அழுத்தினால் துண்டு பாதி பிரிகிறது, முழுசாகப் பிரிகிறது, கடைசியில் இடம் நகர்கிறது. இந்த நான்கு நிலைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆக, கணுக்காலில் பெரும்பாலும் இது அடிபட்ட காயம்தான். தொல்லை என்னன்னா, முதல் நிலை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 'எலும்பு நல்லா இருக்கு' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு மாதக்கணக்கில் வலி தீராமல் இருந்தால், எம்.ஆர்.ஐ.யில்தான் விஷயம் வெளிப்படும்.

இங்கேதான் வயது வருகிறது. வளர்ந்தவருக்குக் கணுக்கால் பிசகினால் வழக்கமாகக் கிழிவது லிகமென்ட். கூடவே டேலஸின் குருத்தெலும்பும் அடிபடலாம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, தானாகச் சரியாவது அரிது. வயதானவருக்கு எலும்பே மெலிந்திருப்பதால் அதுவே முதலில் முறியலாம். வளரும் பிள்ளைக்கு நிலைமை கொஞ்சம் சாதகம்: துண்டு இடம் நகராமல் இருந்தால், ஓய்வு கொடுத்தாலே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இதற்கு நடுவே ஒரு வினோதமான வயது உண்டு. முழங்கால் கீழெலும்பின் அடிமுனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு ஒரே நாளில் மூடுவதில்லை. முதலில் நடுப்பகுதி, அடுத்து உள்பக்கம், கடைசியில் வெளிப்பக்கம். சுமார் ஒன்றரை வருஷம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது சற்று முன்னாலேயே நடக்கும். அந்த இடைவெளியில் பாதம் வெளிப்பக்கம் திருகினால், லிகமென்ட் கிழிவதற்குப் பதிலாக, இன்னும் மூடாத அந்த வெளிமூலைத் துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பிரெஞ்சு மருத்துவர் டில்லோவின் பெயரால் அழைக்கப்படும் முறிவு இது. பதின்வயதில் இது ஏன் வருகிறது என்பதை 1964இல் க்ளைகரும் மேன்கினும் விளக்கினார்கள்.

தட்டு எப்படியும் மூடப்போகிறது என்பதால் கால் குட்டையாகிவிடுமோ என்ற பயம் இதில் குறைவு. கவலை மூட்டின் பரப்பைப் பற்றியது. அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுத்து இடைவெளியை அளக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பொதுவாக ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறார்கள்.