பொருள்கள் இல்லாத அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்றால் அங்கே அரும்பொருள்கள் இருக்க வேண்டும் என்பதே பொது எண்ணம். 1978-ல் டெல் அவீவ் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்ட பெய்ட் ஹட்ஃபுட்சோட் அதை மறுத்தது. உலகெங்கும் சிதறி வாழ்ந்த யூதர்களின் வரலாற்றைச் சொல்ல வந்த அதன் நிரந்தரக் காட்சியில் மூலப்பொருள் ஒன்றுகூட இல்லை. மாதிரிகள், புகைப்படங்கள், படச்சுருள்கள் மட்டுமே. காட்சிகள் குடும்பம், சமூகம், நம்பிக்கை என்று கருப்பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. இதை நடத்திய யெஷயாஹு வைன்பெர்க் நாடகத் துறையிலிருந்து வந்தவர். பொருளைவிடக் கதையே முதன்மையானது என்பது அவர் அங்கிருந்து கொண்டுவந்த பாடம்.

1989-ல் அவர் வாஷிங்டனில் உருவாகிவந்த யூதப் பேரழிவு நினைவு அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். கதைசொல்லும் முறையை உடன் கொண்டுசென்றார். ஆனால் பொருள்களைத் தவிர்க்கும் முறை அங்கே செல்லுபடியாகவில்லை. பேரழிவே நடக்கவில்லை என்று சாதிப்போர் இருக்கையில், மாதிரிகளை வைத்து அக்கதையைச் சொல்ல முடியாது. எனவே போலந்திலிருந்து ரயில்பெட்டி வந்தது. மய்தானெக் முகாமிலிருந்து ஆயிரக்கணக்கான காலணிகள் வந்தன.

அவுஷ்விட்ஸில் மழிக்கப்பட்ட பெண்களின் கூந்தலும் வந்தது. சிக்கல் எழுந்தது அங்கேதான். அது தம் தாயின் கூந்தலாகவும் இருக்கக்கூடுமே என்று முகாம்களிலிருந்து மீண்ட பெண்கள் எதிர்த்தனர். அவுஷ்விட்ஸில் இன்றும் கூந்தல் காட்சியில் இருக்கிறது. வாஷிங்டனிலோ, 1993-ல் கதவு திறந்தபோது, அதன் புகைப்படம் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. சான்றின் வலிமைக்கும் இறந்தோரின் கண்ணியத்துக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்ற கேள்விக்கு ஒரே தொழிலைச் செய்யும் இரு நிறுவனங்கள் இருவேறு விடைகள் கண்டன. இரண்டையும் தவறென்று சொல்வதற்கில்லை.

வாஷிங்டன் தந்த தூண்டுதலில் வார்சாவில் ஒரு திட்டம் பிறந்தது. வைன்பெர்க் அதற்கும் வழிகாட்டினார், 2000-ல் மறைந்தார். முன்பு யூதச் சேரி இருந்த நிலத்தில், சேரிப் போராளிகளின் நினைவுச்சின்னத்துக்கு எதிரே எழுந்த போலின் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி 2014-ல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமையேற்ற பார்பரா கிர்ஷென்பிளாட்-கிம்பிளெட், வாஷிங்டனின் கதை முறையை ஏற்று, அதன் மையத்தை மாற்றினார். இங்கே சொல்லப்படுவது ஆயிரம் ஆண்டு வாழ்க்கை. எட்டுக் கூடங்களில் ஒன்றுதான் பேரழிவுக்குரியது. ஒவ்வொரு கூடத்திலும் அந்தந்தக் காலத்தவரின் சொற்களே பேசுகின்றன. பின்னர் நேரப்போவது அவர்களுக்குத் தெரியாது. முடிவை அறிந்த நாம் அதை அவர்கள்மீது ஏற்றிப் பார்க்கக் கூடாது என்பதே இதன் அறம்.

மூலப்பொருள் பற்றிய பழைய கேள்விக்கும் வார்சா புதிய விடை தந்தது. அழிந்துபோன க்வோஜ்ஜியெட்ஸ் மரத் தொழுகைக்கூடத்தின் ஓவியம் தீட்டிய கூரையைத் தன்னார்வலர்களும் தச்சர்களும் மரபான கருவிகளைக் கொண்டு மீண்டும் கட்டினார்கள். அது மூலமல்ல; வெறும் போலியுமல்ல. கூடம் அழிந்தபோது அதனுடன் அழிந்த கைவேலை அறிவு அதில் மீட்கப்பட்டிருக்கிறது.

டெல் அவீவின் அந்தப் பழைய காட்சி இன்று இல்லை. 2021-ல் அந்நிறுவனம் ‘அனு’ என்னும் பெயருடன் புதுவடிவம் பெற்றது. ஆனால் அது தொடங்கிவைத்த விவாதம் மற்ற இரு நகரங்களின் கூடங்களில் நீடிக்கிறது. அவை ஒன்றையொன்று நகலெடுக்கவில்லை. முந்தையது விட்டுச்சென்ற கேள்வியை அடுத்தது எடுத்துக்கொண்டது. ஒரு மக்களை அவர்களுடைய மரணத்தைக் கொண்டு மட்டும் நினைவுகூர்வது, கொன்றவர்களுக்கே கடைசிச் சொல்லைக் கொடுப்பதாகும். வார்சா அதற்கு உடன்படவில்லை.