பூசிய பச்சையும் போட்ட கணக்கும்

ஃபார்முலா 1 கார்கள் உடம்பெல்லாம் விளம்பரம் சுமப்பவை. 1968-இல் லோட்டஸ் அணி சிகரெட் கம்பெனியின் நிறத்தையே பூசிக்கொண்டது. 2007-இல் ஹோண்டா அணி, விளம்பரங்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கி, கார் மீது பூமியின் படத்தை வரைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2008 டிசம்பரில் ஹோண்டா போட்டியை விட்டே விலகிவிட்டது.

2030-க்குள் நிகர பூஜ்ஜியம் என்ற இலக்கோடு, 2019-இல் ஃபார்முலா 1 நிர்வாகம் தன் கணக்கை வெளியிட்டது. ஆண்டுக்குச் சுமார் 2,56,000 டன் கார்பன் வெளியேற்றம். அதில் பந்தயக் கார் எஞ்சின்களின் பங்கு வெறும் 0.7 சதவீதம்! சரக்குப் போக்குவரத்து 45 சதவீதம். அணியினர், அதிகாரிகளின் பயணம் சுமார் 28 சதவீதம். ரசிகர்கள் வந்துபோவது இதில் சேரவே இல்லை.

2024-இல் ஜப்பான் பந்தயத்தைச் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றி, ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே வைத்தார்கள். வீண் அலைச்சல் குறைந்தது. பூமிப் படத்தைவிட இந்தக் கால அட்டவணைக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஆனால் 2019-இல் 21 ஆக இருந்த பந்தயங்கள் அதே 2024-இல் 24 ஆகிவிட்டன. ஒரு கையால் கழித்து, மறு கையால் கூட்டினால் விடை எப்படிப் பூஜ்ஜியம் வரும்?