ஊசியும் அகப்பையும் பள்ளிக்கு வந்த வரலாறு

பள்ளிக்கூடம் என்றவுடன் ஏடும் எழுத்தும் எண்ணும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஊசியும் நூலும், உளியும் மரமும், அடுப்பும் அகப்பையும் வகுப்பறைக்குள் இடம்பெற்ற வரலாற்றைப் பலர் அறியார். இங்கிலாந்தில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஆராயின், ஒரு பாடம் யாருக்கு உரியது என்னும் வினா கல்வியின் போக்கையே எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பது புலனாகும்.

தையலும் கணக்கும்

1862-ஆம் ஆண்டின் திருத்தக் கல்வி விதிகளின்படி, அரசாங்க மானியம் பெற்ற தொடக்கப் பள்ளிகளில் பெண் குழந்தைகளுக்குத் தையல் கட்டாயமாயிற்று. கிழிந்த ஆடையைத் தைத்து உடுத்தும் திறமை ஏழைக் குடும்பங்களுக்கு வேண்டியதே. ஆயினும் பள்ளி நேரம் இருபாலார்க்கும் ஒன்றுதான். பெண்கள் ஊசியோடு இருந்த நேரத்தில் ஆண்கள் கணக்குப் போட்டனர். இதன் விளைவை அதிகாரிகளும் அறிந்திருந்தனர். பெண்களின் கணக்கைச் சற்றுத் தளர்வாக மதிப்பிடுமாறு பள்ளிப் பரிசோதகர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குறையை நீக்க முயலாமல், அதனை எதிர்பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

அடுப்பும் மானியமும்

தையலைத் தொடர்ந்து சமையல் வந்தது. சமையலாசிரியைகளைப் பயிற்றுவிக்க 1874-இல் இலண்டன் தென் கென்சிங்டனில் தேசியச் சமையற் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. 1882-இல், ஆண்டில் 40 மணி நேரம் சமையல் பயின்ற ஒவ்வொரு மாணவிக்கும் 4 ஷில்லிங் மானியம் என விதி ஏற்பட்டது. மானியம் வரவே அடுப்புகளும் பெருகின. ஆண்களுக்கு மரவேலை முதலிய கைப்பயிற்சியைக் கற்பிக்க 1890-ஆம் ஆண்டின் விதிகள் இடமளித்தன.

போயர் போருக்குப் படையில் சேர வந்த இளைஞருள் பலர் உடல் தகுதியின்றித் திருப்பியனுப்பப்பட்டனர். நாட்டு மக்களின் உடல்நலம் குறைகிறதோ என்னும் அச்சம் எழுந்தது. இதனை ஆராய்ந்து 1904-இல் அறிக்கை வெளியிட்ட அரசாங்கக் குழு, சிறுமியர்க்குச் சமையல் கற்பித்தலையும் ஒரு பரிகாரமாகக் கூறிற்று. நற்சமையல் உடலுக்கு நன்மை செய்யும் என்பது உண்மையே. எனினும் குறைந்த கூலியையும் நெருக்கடியான குடியிருப்பையும் அகப்பையால் மட்டும் மாற்றிவிட முடியுமா?

அறிவியலுக்கு மாற்றா?

இதுவரை தொடக்கப் பள்ளியில் நிகழ்ந்தது, பின்னர் இடைநிலைப் பள்ளிக்கும் பரவிற்று. 15 வயதுக்கு மேற்பட்ட மாணவியர் அறிவியலுக்குப் பதிலாக மனையியலைப் பயிலலாம் என 1907-ஆம் ஆண்டின் விதிகள் அனுமதித்தன. ‘பதிலாக’ என்னும் அந்த ஒரு சொல்லே பெரும் வாதத்தை எழுப்பியது. கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியின் வேதியியல் விரிவுரையாளர் ஐடா பிராயிண்ட் அம்மையார் 1911-இல் இதனைக் கண்டித்துக் கட்டுரை வரைந்தார். சமையலின் வாயிலாக அறிவியலைக் கற்பித்துவிடலாம் என்பது பிழையான கருத்து என்பதே அவருடைய வாதம். உணவு வேகும்போது நிகழும் மாற்றங்கள் தொடக்க மாணவர்க்கு எளிதில் விளங்குவன அல்ல. அடிப்படை அறிவியலைக் கற்றவரே அவற்றை உணர முடியும். அம்மையார் எதிர்த்தது சமையலை அன்று. சமையலைக் காட்டி அறிவியற் கதவை அடைத்ததையே எதிர்த்தார்.

கதவு திறந்தது

அக்கதவு முழுமையாகத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1975-இல் நிறைவேறிய பால் வேற்றுமைத் தடைச் சட்டம், ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் பள்ளிகளில் பால் காரணமாக ஒரு பாடத்தை மறுத்தலைச் சட்டவிரோதமாக்கியது. 1990-இல் தேசியப் பாடத்திட்டத்தின் கீழ் மரவேலை, உலோகவேலை, துணி, உணவு ஆகியன ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் குடையின்கீழ் வந்தன. இருபாலாரும் அதனைப் பயின்றனர்.

ஆனால் புதிய தொல்லை ஒன்று தோன்றியது. உணவும் ஒரு ‘மூலப்பொருள்’ ஆயிற்று. சில வகுப்புகளில் மாணவர் சமைப்பதைவிட, உணவுப் பெட்டிக்கு உறை வரைவதே மிகுதி எனக் குறை கூறப்பட்டது. அதன்பின், 2014 முதல், தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் 14 வயது வரை சமையலும் ஊட்டவியலும் கட்டாயமாக்கப்பட்டன. இம்முறை சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒருசேர விதிக்கப்பட்டமையே சிறப்பு.

சிங்கப்பூரும் இவ்வழியே நடந்தது. 1980-களில் மனையியல் பெண்களுக்கும் தொழில்நுட்பப் பாடம் ஆண்களுக்கும் எனப் பிரிந்து நின்றன. 1997 முதல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் இருபாலாரும் இரண்டையும் பயிலலாயினர்.

கைத்திறன் அறிவுக்குத் தாழ்ந்ததன்று. பசித்தவர் யாவரும் சமைக்கவும், ஆடை உடுப்பவர் யாவரும் அதனைத் தைக்கவும் அறிதல் நன்று. ஒருவர் கையில் ஊசியைக் கொடுக்கும்போது, அவர் கையிலிருந்து ஏட்டைப் பறிக்கலாகாது. நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.